ஹேமர், ஸ்ட்ரைக்கர்: இரண்டும் கலந்து வரும் புது பிஸ்டல்களைப் பற்றிப் பேசலாம்

#1 பீளமேடு_டூல்ரூம் (கோவை)

எல்லாருக்கும் வணக்கமுங்க. "ஹேமர் நல்லதா, ஸ்ட்ரைக்கர் நல்லதா" என்று இங்கே பல இழைகள் ஓடிப் பாதியில் சண்டையாகி நின்றிருக்கின்றன. நான் வேறு இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். சமீப வருடங்களில் வந்த பிஸ்டல்களின் உள்ளமைப்பைப் பார்த்தால், இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த கோடு அழிந்துகொண்டே வருகிறது. புதியவர்களுக்கு: சுத்தியல் போலச் சாய்ந்து வந்து ஃபயரிங் பின்னை (தோட்டாவைத் தட்டும் ஊசி) அடிப்பது ஹேமர். ஸ்லைடுக்குள், அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்துக்குள், நேராகப் பாய்ந்து தோட்டாவைத் தட்டுவது ஸ்ட்ரைக்கர்.

பழைய வழிக்கு அடையாளம் கோல்ட் 1911. ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்தது, அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றது. எஃகு உடம்பு, வெளியே தெரியும் ஹேமர், சிங்கிள் ஆக்‌ஷன், கட்டைவிரலுக்கு ஒரு சேஃப்டி, உள்ளங்கை அழுத்தத்துக்கு ஒரு சேஃப்டி. ட்ரிகர் நேராகப் பின்னால் போகும். ஏற்கனவே ஏற்றி நிற்கும் ஹேமரை விடுவிப்பது ஒன்றுதான் அதற்கு வேலை.

புது வழிக்கு அடையாளம் கிளாக் 17. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் தேர்ந்தெடுத்தது. பாலிமர் உடம்பு, மேகசினில் 17 தோட்டா, ஹேமரே கிடையாது. ஸ்லைடுக்குள் ஸ்ட்ரைக்கர் பாதி இழுபட்டு நிற்கும். ட்ரிகரை அழுத்தினால் மீதி தூரமும் பின்னால் போய் விடுபடும். கையால் போட்டு எடுக்கும் சேஃப்டி எதுவும் இல்லை. ட்ரிகர் நடுவில் உள்ள சின்ன நாக்கு, ஸ்ட்ரைக்கரை மறிக்கும் கட்டை, கீழே விழுந்தாலும் நழுவாதபடி ட்ரிகர் பாரை (ட்ரிகரின் அசைவை உள்ளே கடத்தும் தகடு) தாங்கும் அமைப்பு என மூன்றும் தானாகவே வேலை செய்யும்.

இப்போது வருவதைப் பாருங்கள். 2014-இல் வந்த சிக் சாவர் பி320-இல் ஸ்ட்ரைக்கர் முழுக்க ஏறியே நிற்கிறது. 2017-இல் அமெரிக்க ராணுவம் அதை எம்17 என்ற பெயரில் எடுத்தபோது கட்டைவிரல் சேஃப்டியும் சேர்ந்துகொண்டது. முழுக்க ஏறிய ஸ்பிரிங், விடுவிப்பதை மட்டும் செய்யும் ட்ரிகர், கட்டைவிரல் சேஃப்டி: இவை மூன்றும் 1911-இன் ஏற்பாடுகள்தான். மறுபக்கம் 2022-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் சிஎஸ்எக்ஸ். அலுமினிய உடம்பு, வெளி ஹேமர், சிங்கிள் ஆக்‌ஷன், இரண்டு பக்கமும் கட்டைவிரல் சேஃப்டி. ஆனால் ட்ரிகரில் கிளாக் பாணி நாக்கு, அளவும் இன்றைய குட்டி ஸ்ட்ரைக்கர் பிஸ்டல்களின் அளவு.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புது பிஸ்டல்கள் பழசிடமிருந்து ட்ரிகரை வாங்கிக்கொள்கின்றன, கிளாக்கிடமிருந்து செய்முறையை வாங்கிக்கொள்கின்றன. ஹேமர் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு அடுத்த கேள்வி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

#2 ஈரோடு_25மீ

அண்ணா, ட்ரிகரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான் .22 பிஸ்டலில் 25 மீட்டர் சுடுகிறேன். போட்டிக்கு முன் எடைக்கட்டியைத் தொங்கவிட்டு ட்ரிகரைச் சோதிப்பார்கள், 1000 கிராமைத் தாங்க வேண்டும். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். கிளாக்கில் அது சுமார் இரண்டரை கிலோ. ஆனால் எடையை மட்டும் வைத்துப் பேசினால் விஷயம் பிடிபடாது.

விரலுக்குத் தெரிவது நான்கு. முதலில் தளர்வாக வரும் தூரம், அப்புறம் தட்டுப்படும் சுவர், அந்தச் சுவர் உடையும் இடம், சுட்ட பிறகு எவ்வளவு விட்டால் மறுபடி பிடிக்கிறது என்பது. நல்ல 1911-இல் முதல் தூரம் மிகக் குறைவு, சுவர் தெளிவு, உடைவது சுத்தம். கிளாக்கில் விரல் ஒரு ஸ்பிரிங்கையும் சேர்த்து அழுத்துகிறது. கிணற்றில் பாதி இழுத்துக் கட்டி வைத்த வாளி என்றால் மீதியை நாம்தான் இழுக்க வேண்டும், முழுக்க இழுத்துக் கொக்கியில் மாட்டிய வாளி என்றால் கொக்கியைத் தட்டினால் போதும். பாதி ஏறிய ஸ்ட்ரைக்கருக்கும் முழுக்க ஏறியதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

வால்தர் பிபிகியூ 2011-இல் வந்தபோது ஸ்ட்ரைக்கர் பிஸ்டலிலும் இப்படி ஒரு ட்ரிகர் வருமா என்று பலர் வியந்தார்கள். முன்கூட்டியே ஏறி நிற்கும் ஸ்ட்ரைக்கர், திரும்பப் பிடிக்கும் தூரம் மிகக் கொஞ்சம். அதற்குப் பிறகு "ஸ்ட்ரைக்கர் என்றால் ட்ரிகர் மந்தம்" என்று யாராலும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியவில்லை.

#3 சூலூர்_சுபேதார்

நான் பணியில் இடுப்பில் கட்டியது 9 மி.மீ. 1ஏ. இஷாப்பூர் ரைபிள் ஃபேக்டரியில் செய்தது. பிரவுனிங் ஹை-பவர் வம்சம், கனடாவின் இங்கிலிஸ் கம்பெனி செய்த வகையை ஒட்டியது. 13 தோட்டா. பிரவுனிங் ஆரம்பித்து வைத்தார். அவர் 1926-இல் பெல்ஜியத்தில் இறந்த பிறகு எஃப்என் கம்பெனியின் டியூடோனே சைவ் முடித்தார். 1935-இல் வெளிவந்தது. இன்றைய பெரும்பாலான பிஸ்டல்களில், ஸ்ட்ரைக்கராக இருந்தாலும், பேரல் பின்பக்கம் கீழே இறங்கிப் பூட்டு விடுபடும் முறை அந்த வழியில் வந்ததுதான். 1911-இல் அதற்கு ஆடும் இணைப்பு ஒன்று இருக்கும். ஹை-பவரில் அதை எடுத்துவிட்டு பேரலின் அடியிலேயே சரிவு வெட்டிவிட்டார்கள். கிளாக்கைப் பிரித்துப் பார்த்தால் அதே சரிவு தெரியும். ஆக, கலப்பு என்பதே ஆரம்பத்திலிருந்து நடந்து வருகிறது.

ஆனாலும் நான் ஹேமர் பக்கம்தான். காரணம் கண்ணும் கையும். இருட்டில் கட்டைவிரலை வைத்துத் தடவினால் ஹேமர் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். உறையில் செருகும்போது கட்டைவிரலை ஹேமர் மேல் வைத்துக்கொண்டே செருகலாம். சட்டை நுனியோ கயிறோ ட்ரிகரில் மாட்டினால் ஹேமர் அசைவது விரலில் தெரியும், உடனே நிறுத்திவிடலாம். ஸ்ட்ரைக்கரில் அந்தத் தகவல் கிடைக்காது. இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது இந்த வித்தியாசத்தை நான் ரொம்பவும் மதித்தேன்.

#4 கரூர்_பழையஇரும்பு

சுபேதார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்ட்ரைக்கரைப் புது வழி என்று #1-இல் எழுதியதை நான் ஏற்கவில்லை. லூகர் பிஸ்டல் ஸ்ட்ரைக்கர்தான், சுவிட்சர்லாந்து ராணுவம் அதை 1900-இலேயே எடுத்தது. பிரவுனிங்கே ஸ்ட்ரைக்கர் பிஸ்டல் செய்திருக்கிறார். எஃப்என் 1910 மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது அந்த மாடல்தான். அதில் ஸ்ட்ரைக்கர், உள்ளங்கை சேஃப்டி, கட்டைவிரல் சேஃப்டி, மேகசின் இல்லாவிட்டால் சுடாத ஏற்பாடு எல்லாமே இருந்தன.

இப்போது குரோஷியாவின் எச்எஸ்2000-ஐப் பாருங்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு எக்ஸ்டி என்று விற்றது. பாலிமர் உடம்பு, ஸ்ட்ரைக்கர், ட்ரிகர் நாக்கு, கூடவே உள்ளங்கை சேஃப்டி. "1911-ஐயும் கிளாக்கையும் கலந்துவிட்டார்கள்" என்று அதை எழுதினார்கள். உள்ளங்கை சேஃப்டியோடு ஸ்ட்ரைக்கர் என்பது 1910-இலேயே முடிந்த காரியம்.

பாலிமரும் அப்படித்தான். ஹெக்லர் அண்ட் காக் விபி70, 1970-இலேயே பாலிமர் உடம்போடும் ஸ்ட்ரைக்கரோடும் வந்துவிட்டது. ட்ரிகர் கனமாகவும் நீளமாகவும் இருந்ததால் எடுபடவில்லை. கிளாக் ஜெயித்தது பாதி ஏற்றி வைக்கும் அந்த யோசனையால். விரலுக்கு வேலை குறைந்தது, ஸ்ட்ரைக்கரும் முழுக்க ஏறி நிற்கவில்லை.

#5 பெருந்துறை_மெக்கானிகல்

கல்லூரியில் படிக்கிறேன். ஒரு சந்தேகம், யாராவது விளக்குங்க. பாதி ஏறிய ஸ்ட்ரைக்கர் தவறி விடுபட்டாலும் தோட்டாவை வெடிக்க வைக்கும் பலம் இருக்காது என்று படித்தேன். அப்படியென்றால் முழுக்க ஏறி நிற்பது கீழே விழுந்தால் ஆபத்து இல்லையா? பி320-க்கு அதில் ஏதோ பிரச்சினை வந்ததே?

#6 பீளமேடு_டூல்ரூம்

தம்பி, நல்ல கேள்வி. முதலில் கரூர் அண்ணாவுக்கு: 1910 மாடல் விஷயம் சரியான இடத்தில் வந்தது. ஸ்ட்ரைக்கர் பழசு என்பதை ஏற்றுக்கொண்டே மேலே பேசலாம்.

கீழே விழுவதில் இரண்டு ஆபத்து உண்டு. ஒன்று, அதிர்ச்சியில் சியர் (ஏறிய ஹேமரையோ ஸ்ட்ரைக்கரையோ பிடித்து நிறுத்தும் கொக்கி) நழுவியோ ஃபயரிங் பின் தன் எடையாலேயே முன்னால் ஓடியோ தோட்டாவைத் தட்டுவது. இதற்குப் பதில் ஃபயரிங் பின்னை மறிக்கும் கட்டை. ட்ரிகரை அழுத்தினால் மட்டும் அது விலகும். கிளாக்கில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. கோல்ட் கம்பெனி 1983-இல் சீரீஸ் 80 என்ற வரிசையில் இதை 1911-க்குள்ளேயே கொண்டு வந்தது. பழசும் கடன் வாங்கியிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. கூடுதல் நெம்புகோல்கள் வந்ததால் ட்ரிகர் சொரசொரப்பாகிவிட்டது என்று அதைத் திட்டுபவர்கள் இன்றும் உண்டு.

இரண்டாவது ஆபத்து நுட்பமானது. பிஸ்டல் பின்பக்கம் தரையில் மோதும்போது உடம்பு சட்டென்று நிற்கிறது, ட்ரிகர் தன் எடையால் நிற்காமல் பின்னால் போகிறது. விரல் அழுத்தினால் நடப்பது எல்லாம் அப்போது விரல் இல்லாமலே நடக்கும். மறிக்கும் கட்டையும் விலகிவிடும், ஏனென்றால் அதை விலக்குவதே ட்ரிகர்தான். ட்ரிகர் நடுவில் உள்ள நாக்கு இதைத்தான் தடுக்கிறது. அது தனியாக அழுத்தப்படாதவரை ட்ரிகர் நகராது. நாக்கு மிக லேசானது என்பதால் மோதலில் அது ஸ்பிரிங்கை வென்று நகராது.

பி320-இன் ட்ரிகரில் நாக்கு கிடையாது. 2017-இல் சில கோணங்களில் விழும்போது சுட்டுவிடுகிறது என்று வெளியே தெரிந்தது. கம்பெனி விருப்பத்தின் பேரில் மாற்றித் தரும் திட்டம் அறிவித்தது. எடை குறைந்த ட்ரிகர், சியர், ஸ்ட்ரைக்கர் போட்டுத் தந்தார்கள். எடையைக் குறைத்ததுதான் முக்கியம். நிறை குறைந்தால் அதே மோதலில் பின்னால் தள்ளும் விசையும் குறையும். கல்லூரியில் படிக்கும் நியூட்டன் விதி அப்படியே கண்முன் தெரியும் இடம் இது, தம்பி.

ஆகவே முழுக்க ஏற்றிய ஸ்ட்ரைக்கர் தன்னளவில் தப்பு இல்லை. 1911-இன் ஹேமரும் முழுக்க ஏறித்தான் நிற்கிறது, ஆனால் அதற்கு வெளியே இரண்டு பூட்டு போட்டிருந்தார் பிரவுனிங். பழைய ட்ரிகரை எடுத்துக்கொண்டு அதனோடு வந்த பூட்டுகளை விட்டுவிட்டால், அந்த வேலையை வேறு எதாவது செய்தாக வேண்டும். எந்தக் கலப்பு பிஸ்டலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

#7 கிணத்துக்கடவு_தோப்பு

படிக்கப் படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நம் நிலைமையையும் ஒரு வரி பேச வேண்டும். 9 மி.மீ. நம்மைப் போன்றவர்களுக்குத் தடை செய்யப்பட்ட போர் (bore, அதாவது குழல் அளவு). லைசென்ஸ் வைத்திருப்பவர் வாங்கக்கூடிய பிஸ்டல் என்றால் பெரும்பாலும் .32 ஏசிபி. இஷாப்பூர் அஷானி மாதிரி. அந்தத் தோட்டாவே பிரவுனிங் 1899-இல் கொடுத்தது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு ஆயுதம்தான், லைசென்ஸ் ஐந்து வருடம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்த பிறகு திரும்ப வாங்க வேண்டும்.

எனக்குத் தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை, வீடு ஊருக்கு வெளியே. அப்பா காலத்து லைசென்ஸ். என்னைப் போன்ற ஆட்களுக்குச் சுடும் பயிற்சி அபூர்வம். வீட்டில் குழந்தைகள் உண்டு. கையால் போடும் சேஃப்டி இல்லாத பிஸ்டலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெளிநாட்டில் ராணுவமே கேட்டு வாங்கிய சேஃப்டியை, விற்கும் மாடல்களில் "வேண்டுமானால் வாங்கிக்கொள்" என்று வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

#8 ஈரோடு_25மீ

> கையால் போடும் சேஃப்டி இல்லாத பிஸ்டலை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை

அண்ணா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பயிற்சி இல்லாதவருக்குச் சேஃப்டி கொடுத்தால் பத்திரம் என்பதில் நான் உடன்படவில்லை. 1911 வைத்துப் போட்டியில் சுடுபவர்களைப் பார்த்தால், துப்பாக்கி குறிக்கு உயரும்போதே கட்டைவிரல் சேஃப்டியை இறக்கியிருக்கும். அது ஆயிரக்கணக்கான முறை செய்து பழகிய கை. பழகாத கை அவசரத்தில் சேஃப்டியை எடுக்க மறக்கும். அதைவிட மோசம், போட்டுவிட்டோம் என்று நம்பிப் போடாமல் விடும். சேஃப்டி மேல் வைக்கும் நம்பிக்கையால் விரல் ட்ரிகருக்குள் போவதையும் நான் ரேஞ்சில் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய இரும்புப் பெட்டி, தனியாகப் பூட்டிய தோட்டா. எந்த சேஃப்டியும் அதற்குப் பதில் ஆகாது. ட்ரிகர் கார்டை (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) முழுக்க மூடும் கெட்டியான உறை இருந்தால்தான் கிளாக் வகையை இடுப்பில் கட்டவே வேண்டும். துணி உறை, இடுப்பில் வெறுமனே செருகுவது, இரண்டும் கூடவே கூடாது.

#9 சூலூர்_சுபேதார்

ஈரோடு அம்மிணி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். பெட்டி, பூட்டு, உறை: மறுபேச்சே இல்லை. ஆனால் சேஃப்டி பயிற்சி உள்ளவனுக்கு மட்டும் என்பதை ஏற்க மாட்டேன். நல்ல பயிற்சி உள்ளவனும் களைப்பில் தப்பு செய்வான். இரண்டு நாள் தூங்காமல் காவல் நின்றவன் கையில் கூடுதலாக ஒரு தடை இருப்பது நல்லது. எம்17-க்கு ராணுவம் சேஃப்டி கேட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தேவையில்லை.

இன்னொன்று. டபுள் ஆக்‌ஷன் ஹேமரில் (ட்ரிகரே ஹேமரை ஏற்றி விடுவிக்கும் வகை) தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி ட்ரிகரை அழுத்தினால் இன்னொரு அடி விழும். வால்தர் பிபி 1929-இலேயே அந்த வசதியைக் கொடுத்தது. கிளாக்கில் ஸ்லைடை இழுக்காமல் ஸ்ட்ரைக்கர் மறுபடி ஏறாது.

#10 ஈரோடு_25மீ

ஐயா, வெடிக்காத தோட்டாவுக்கு இரண்டாவது அடி கொடுப்பதைவிட மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளுவதைத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். வெடிக்காததற்குக் காரணம் தோட்டாவாகவும் இருக்கலாம், சரியாக உள்ளே போகாததாகவும் இருக்கலாம். ஒரே செயலில் இரண்டுக்கும் தீர்வு. ஆனால் ஹேமரின் அடி பலமானது என்பது உண்மை. விளிம்பில் அடிபட வேண்டிய .22 தோட்டாவைச் சுடுகிற எங்களுக்கு அது நன்றாகவே தெரியும்.

#11 நடத்துனர்

பட்டறையில் பாகம் செய்து பார்ப்பது பற்றி ஒருவர் எழுதிய பதிவை நீக்கியிருக்கிறேன். 1959 ஆயுதச் சட்டப்படி அனுமதியில்லாமல் செய்வது, மாற்றுவது, வைத்திருப்பது எல்லாம் சிறைத்தண்டனைக் குற்றம். இந்த இழை வடிவமைப்பைப் பற்றி மட்டும்.

#12 காங்கேயம்_மேழி

புதிதாக எழுதுகிறேன். அப்பா இறந்த பிறகு லைசென்ஸ் அம்மா பெயருக்கு வந்தது, .32 பிஸ்டல். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி, ஸ்லைடை இழுக்கவே முடியவில்லை. பெரிய 9 மி.மீ. பிஸ்டலே சுலபமாக இழுபடும்போது இந்தச் சின்னது ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? ஹேமருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

#13 பீளமேடு_டூல்ரூம்

உண்டுங்க. இந்த இழையிலேயே முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

.32 பிஸ்டல்கள் பெரும்பாலும் புளோபேக் வகை. பேரல் உடம்போடு நிலையாக நிற்கும், பூட்டு எதுவும் கிடையாது. வெடிக்கும் நேரத்தில் தோட்டாக் கூடு பின்னால் வராமல் தாமதிக்க வைப்பது ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான். சின்ன பிஸ்டலில் ஸ்லைடை கனமாக்க இடமில்லை, அதனால் ஸ்பிரிங்கைக் கடினமாக்குகிறார்கள். அம்மா இழுப்பது அந்த ஸ்பிரிங்கை. 9 மி.மீ.யில் பேரலும் ஸ்லைடும் சிறிது தூரம் பூட்டிக்கொண்டே சேர்ந்து பின்னால் போய் அப்புறம் பிரிவதால் (சுபேதார் ஐயா சொன்ன சரிவு) ஸ்பிரிங் அவ்வளவு கடினமாக இருக்க வேண்டியதில்லை.

இனி ஹேமர், ஸ்ட்ரைக்கர். கிளாக் வகையில் ஸ்லைடு முன்னால் திரும்பி வரும்போது ஸ்ட்ரைக்கரை உடம்பில் உள்ள சியர் பிடித்துக்கொள்கிறது. ஸ்லைடு மேலும் முன்னால் போகப் போக ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் அழுந்துகிறது. அதாவது ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங் ஸ்லைடைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது, ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடை முன்னால் திருப்பும் ஸ்பிரிங், கையால் இழுக்கும்போது எதிர்ப்பதும் இதுதான்) அதை ஜெயித்து ஸ்லைடை முழுக்க மூட வேண்டும். எனவே ரீகாயில் ஸ்பிரிங்கை ஓரளவுக்கு மேல் இளக்கவே முடியாது. இளக்கினால் ஸ்லைடு முழுசாக மூடாமல் நின்றுவிடும்.

ஹேமரில் அந்தச் சண்டை இல்லை. ஸ்லைடு பின்னால் போகும்போதே ஹேமரைச் சாய்த்துவிடுகிறது. முன்னால் வரும்போது ஹேமர் சியரில் மாட்டி நிற்கிறது, ஸ்லைடோடு மோதுவதில்லை. ஆக ரீகாயில் ஸ்பிரிங்கை இளக்கலாம்.

ஸ்மித் அண்ட் வெஸன் 2018-இல் கொண்டு வந்த எம் அண்ட் பி ஷீல்டு .380 ஈஇசட் இதைத்தான் பயன்படுத்தியது. பார்வைக்கு அச்சு அசல் ஸ்ட்ரைக்கர் பிஸ்டல், பாலிமர் உடம்பு, வெளியே ஹேமர் தெரியாது. உள்ளே ஒளிந்திருக்கும் ஹேமர்! கூடவே உள்ளங்கை சேஃப்டி. வயதானவர்கள், கைவலி உள்ளவர்கள் இழுக்கும்படி ஸ்லைடு இலகுவாக வந்தது. ரூகர் செக்யூரிட்டி-9-உம் அப்படித்தான், வெளியே ஸ்ட்ரைக்கர் உருவம், உள்ளே ஹேமர். யாரும் பழமைப் பாசத்தால் இதைச் செய்யவில்லை. ஒரு குறிப்பிட்ட கஷ்டத்துக்கு 1911 காலத்து உறுப்பு சரியான விடையாக இருந்தது, எடுத்து உள்ளே வைத்தார்கள். கலப்பு பிஸ்டல் என்ற பேச்சில் எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான்.

அம்மாவிடம் உள்ள பிஸ்டலுக்கு வெளி ஹேமர் இருந்தால் ஒரு வழி உண்டு. முதலில் ஹேமரைக் கட்டைவிரலால் சாய்த்துக்கொண்டு அப்புறம் ஸ்லைடை இழுக்கச் சொல்லுங்கள். ஹேமரைச் சாய்க்கும் பாரம் அதில் குறைந்துவிடும். தோட்டா இல்லாமல், உரிமம் பெற்ற ரேஞ்சில், சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் இருக்கும்போது பழகட்டும்.

#14 காங்கேயம்_மேழி

வெளி ஹேமர்தான் அண்ணா. ரேஞ்சுக்கு அழைத்துப் போகிறேன். ரொம்ப நன்றிங்க.

#15 கரூர்_பழையஇரும்பு

டூல்ரூம் அண்ணா, #1-இல் "செய்முறையைக் கிளாக்கிடமிருந்து" என்றீர்கள், அதை விரிக்கவில்லையே. உங்கள் தொழில் அல்லவா?

#16 பீளமேடு_டூல்ரூம்

1911-இன் உடம்பு எஃகுத் துண்டிலிருந்து வெட்டி வெட்டி எடுப்பது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு செட்டிங், ஒரு கட்டர், ஒரு ஜிக். கணபதி, ஆவாரம்பாளையம் பட்டறைகளில் பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் செய்பவர்களுக்கு இந்த வலி புரியும். கிளாக் அதை மோல்டுக்குள் கொண்டு போனது. எஃகுத் தகடுகளை மோல்டில் வைத்து அவற்றைச் சுற்றிப் பாலிமரைப் பாய்ச்சுவது. ஸ்லைடு ஓடும் தண்டவாளம் அந்தத் தகடுகளில்தான், பாலிமரில் இல்லை. மோல்டுக்குச் செலவு மிக அதிகம், ஆனால் ஒவ்வொரு உடம்புக்கும் ஆகும் நேரம் மிகக் கொஞ்சம். சுருக்கம், சுவர்த் தடிமன், தகடு நகராமல் பிடிப்பது என்று எங்கள் டூல் ரூமில் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயங்கள்தான் அங்கேயும்.

அடுத்த அடியை பி320 எடுத்து வைத்தது. ட்ரிகர், சியர், தண்டவாளம் எல்லாம் சேர்ந்த சின்ன எஃகுக் கூடு ஒன்று, சீரியல் நம்பர் அதில். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் கூடுதான் துப்பாக்கி. கைப்பிடி வெறும் உறை. பெரிய கை, சின்ன கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதே யோசனையை 1911 பக்கம் முன்பே செய்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1990-களில் எஸ்டிஐ கம்பெனி 2011 என்று வரிசை கொண்டு வந்தது. மேலே தண்டவாளத்தோடு எஃகு, கீழே பாலிமர் கைப்பிடி, இரட்டை வரிசை மேகசின். ட்ரிகர், ஹேமர், சேஃப்டிகள் எல்லாம் 1911. அந்தக் கம்பெனிதான் இப்போது ஸ்டக்காட்டோ. போட்டிகளில் மட்டும் இருந்தது, இன்று போலீஸ் இடுப்புக்கும் போய்விட்டது.

எஃகும் திரும்பி வருகிறது. கிளாக் 17 காலியாக 630 கிராமுக்குப் பக்கம், சிஇசட் ஷேடோ 2 கிட்டத்தட்ட 1330 கிராம். எடை இருந்தால் முனை குறைவாகத் துள்ளும். அதனால் வால்தர் தன் ஸ்ட்ரைக்கர் பிஸ்டலுக்கே எஃகு உடம்பு போட்டு கியூ5 மேட்ச் ஸ்டீல் ஃப்ரேம் என்று விற்கிறது. ட்ரிகர் ஸ்ட்ரைக்கர், எடை 1911-ஐ விட அதிகம். இடுப்பில் சுமப்பவருக்கு அது தண்டனை, ரேஞ்சில் சுடுபவருக்கு வரம்.

#17 பெருந்துறை_மெக்கானிகல்

ஹட்சன் எச்9-ஐ விட்டுவிட்டீர்களே அண்ணா. எஃகு உடம்பு, ஸ்ட்ரைக்கர், ரீகாயில் ஸ்பிரிங்கை பேரலுக்கு அடியில் இன்னும் கீழே, ட்ரிகர் கார்டுக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். அதனால் பேரல் கைக்கு மிக அருகில் இறங்கியது. 2017-இல் பெரிய பேச்சு, 2019-இல் கம்பெனி திவால்.

#18 கரூர்_பழையஇரும்பு

யோசனை சாகவில்லை தம்பி. டேனியல் டிஃபென்ஸ் அதன் உரிமையை வாங்கித் திருத்தி, அலுமினிய உடம்போடு 2024-இல் மறுபடி கொண்டு வந்தது. நல்ல வடிவமைப்பும் தயாரிப்புச் செலவில் மாட்டிக்கொள்ளும். எத்தனை சிறப்பான கலப்பாக இருந்தாலும் விலைக்குச் செய்ய முடியாவிட்டால் நிலைக்காது.

#19 கிணத்துக்கடவு_தோப்பு

சுபேதார் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஹேமரோ ஸ்ட்ரைக்கரோ, ஏற்றியே மாதக்கணக்கில் வைத்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்கிறார்களே. மேகசினிலும் ஒரு தோட்டா குறைத்துப் போடு என்றார் கடைக்காரர்.

#20 சூலூர்_சுபேதார்

நல்ல ஸ்பிரிங் அழுந்தி நிற்பதால் சீக்கிரம் சாகாது, அழுந்தி விரிந்து அழுந்தி விரிந்துதான் களைக்கும். ஒரே இடத்தில் நிற்கும் பிஸ்டலைவிட தினமும் சுடும் பிஸ்டலுக்குத்தான் ஸ்பிரிங்கை அடிக்கடி மாற்ற வேண்டும். மேகசினில் ஒன்று குறைத்துப் போடும் பழக்கம், முழுக்க நிரப்பிய மேகசினை மூடிய ஸ்லைடுக்கு அடியில் செருகும்போது இறுக்கமாக இருப்பதால் வந்தது. வேண்டுமானால் செய்யுங்கள்.

நம் ஊர் வெயிலில் உங்களுக்கு உண்மையான எதிரி வியர்வையும் தூசியும். ஸ்ட்ரைக்கர் இருக்கும் குழாய்க்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பசையாகி ஸ்ட்ரைக்கர் மெதுவாக ஓடும். ஹேமர் வகையில் ஹேமர் பள்ளம் திறந்தே இருப்பதால் தென்னந்தோப்புத் தூசி நேராக உள்ளே போகும். தோட்டா இல்லாததை இரண்டு முறை பார்த்துவிட்டு மாதம் ஒரு முறை திறந்து துடையுங்கள், எஃகு பாகத்துக்கு மட்டும் மெல்லியதாக எண்ணெய். ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கிய அன்றும் இதைச் செய்யுங்கள்.